ஜூனோ-106: ஆறு குரல்ல ஒண்ணு கரகரங்குது, ஃபில்டர் தானா தாவுது

#1 நொய்யல்_நாய்ஸ்

வணக்கங்க. ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர், ஒரே நேரத்துல ஆறு சுரம் வாசிக்க ஆறு குரல் இருக்கறது. ஜப்பான் உள்நாட்டு மாடல், பின்னால லேபிள்ல 100 வோல்ட்னு போட்டிருக்குது. இருக்கிற எடம் திருப்பூர், பனியன் கம்பெனிகளுக்கு நடுவுல. கோளாறு நாலு.

ஒண்ணு, ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துனா ஆறுல ஒரு தடவை கரகரன்னு வருது. கட்டையை விட்ட பொறவும் அந்தக் குரல் மெல்லிசா இழுத்துக்கிட்டே கெடக்குது.

ரெண்டு, யாரும் தொடாமயே ஃபில்டர் (டோனைப் பளிச்சுன்னோ மங்கலாவோ ஆக்கற பகுதி) தெறந்து மூடுது.

மூணு, ஆஃப் பண்ணிப் போட்டா பாட்ச் (சேமிச்சு வெச்ச டோன்) எல்லாம் குப்பையாயிருது.

நாலு, ராத்திரி ஓட்டுனா பவர் சப்ளை ஹீட்சிங்க்ல வெரல் வெக்க முடியல. பகல்ல அவ்வளவு சூடு இல்ல.

எல்லாரும் "80017ஏ ஐசி போயிருச்சு, ஆறையும் மாத்து"ங்கறாங்க. குரலுக்கு ஒண்ணா இருக்கற ஃபில்டர் சிப்பு அது. வேற ஏதாச்சும் பாக்கணுங்களா?

#2 காரமடை_ஓம்

தம்பி, ஐசியைக் கடைசியா வெய்ங்க. நீங்க சொன்ன நாலும் நாலு வேற கோளாறா இருக்கத்தான் வாய்ப்பு எச்சா. ஒட்டுக்கா ஒரே காரணம்னு தேடுனா அலைச்சல்தான்.

மொதல்ல நாலாவதுல கையை வெய்ங்க. கரண்ட் சரியில்லாத மிஷின்ல நீங்க எடுக்கற எந்த அளவும் நம்பற மாதிரி இருக்காது, புதுசாப் போடற ஐசியும் தங்காது. நீங்க போட்டிருக்கிற ஸ்டெப்-டவுன்ல (வோல்டேஜைக் குறைக்கற டிரான்ஸ்பார்மர் டப்பா) என்ன எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. 100ஆ, 110ஆ? ராத்திரி பத்து மணிக்கு மேல சுவர் சாக்கெட்ல எத்தனை வோல்ட் வருது? அந்த நேரத்துல ஸ்டெப்-டவுன் அவுட்புட் எத்தனை? ஜூனோ ஆன்ல இருக்கறப்பவே அளக்கோணும்.

அப்புறம் உள்ளே மூணு ரெயில் (சப்ளை வோல்டேஜ் லைன்): +15, -15, +5. மீட்டரோட கறுப்பு ப்ரோபைச் சேஸிஸ்ல வெக்காதீங்க, சப்ளை போர்டோட கிரவுண்ட்ல க்ளிப் போட்டு வெய்ங்க. டிசி அளந்துட்டு ஏசி ரேஞ்சுல ரிப்பிளையும் (டிசி மேல மிச்சம் நிக்கற ஏசி அலை) பாருங்க. சில மலிவு மீட்டர் ஏசி ரேஞ்சுல டிசியையும் சேத்துக் காட்டும். அதனால ப்ரோப் முனையில 0.47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர் ஒண்ணைச் சீரிஸ்ல போட்டுக்குங்க. சில மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. 20, 30ன்னு காட்டுனா மெயின் ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ஞ்சிருக்கு.

#3 சூலூர்_வைண்டிங்

அக்கா கேக்கறது சரியான கேள்வி. நம்ம பக்கம் இது நொம்ப சகஜம். பொழுதோட தறியும் கெணத்து மோட்டாரும் ஓடறப்ப லைன் 200க்கு எறங்கும், எல்லாம் நின்ன பொறவு 250 தொடும். கடையில விக்கிற டப்பா முக்காவாசி 230க்கு 110. லைன் 250 ஆனா அதுல வர்றது 110 × 250 ÷ 230, கிட்டத்தட்ட 120 வோல்ட். 100 வோல்ட் மிஷினுக்கு 20 சதம் எச்சு.

20 சதந்தானேன்னு நெனைக்காதீங்க. உதாரணத்துக்கு, ரெகுலேட்டருக்கு முன்னாடி 22 வோல்ட் டிசி இருக்க வேண்டிய எடத்துல 26.4 வந்துரும். 15 போக ரெகுலேட்டர் தாங்கறது 7ல இருந்து 11.4 ஆகும். கரண்ட் அதேதான், ஆனா சூடு 60 சதத்துக்கு மேல ஏறிருது. ராத்திரி மட்டும் சுடறதுக்குக் காரணம் இதாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. அந்த டப்பா ஆட்டோ டிரான்ஸ்பார்மரா இருந்தா அது தனிமைப்படுத்தாது. சாக்கெட்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தா, 110 வோல்ட் பக்கத்து ரெண்டு கம்பியும் எர்த்துக்கு 120லயும் 230லயும் நிக்கும். டெஸ்டர் வெச்சா ரெண்டுலயும் எரியும். சோதிக்கறது சுலபம்: ப்ளக்கை உருவிட்டு, இன்புட் பின்னுக்கும் அவுட்புட் பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. ரீடிங் வந்தா ஆட்டோ.

#4 நொய்யல்_நாய்ஸ்

அளந்துட்டேனுங்க. ராத்திரி 10.40க்கு சாக்கெட் 248. டப்பாவுல 110னு எழுதியிருக்குது, அவுட்புட் 118. இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல 9 ஓம் காட்டுது.

ரெயில்: +15.02, -14.97, +5.03. ரிப்பிள் மூணுலயும் 4 மில்லிவோல்ட்டுக்குள்ள.

#5 சூலூர்_வைண்டிங்

ஆட்டோவேதான். அதைக் கழட்டி ஓரமா வெய்ங்க.

கோயமுத்தூர்ல எந்த வைண்டிங் கடையிலயும் ஒரு நாள்ல சுத்திக் குடுத்துருவாங்க, ஆனா அளவை நீங்க எழுதிக் குடுக்கோணும். "100 வோல்ட் டிரான்ஸ்பார்மர்"னு வாயில சொன்னா 110க்குத்தான் சுத்துவாங்க, கை அப்படிப் பழகியிருக்கு.

100 விஏ, ஐசொலேஷன், தனித்தனி வைண்டிங். ஸ்டாம்பிங் நாக்கு 1¼ இன்ச், அடுக்கு 1½ இன்ச். இரும்புப் பரப்பு சுமார் 11.5 சதுர சென்டிமீட்டர் வரும். வோல்ட்டுக்கு 3.5 சுத்து. ப்ரைமரி 230க்கு 805 சுத்து, அங்க ஒரு டேப் (வெளிய எடுக்கற கம்பி). அதுக்கு மேல 70 சுத்து போட்டு 875ல இன்னொரு டேப், அது 250க்கு. கம்பி 25 கேஜ். செகண்டரி 350 சுத்து வரோணும், லோடுல எறங்கறதுக்கு 3 சதம் கூட்டி 360. கம்பி 22 கேஜ். ரெண்டு வைண்டிங்குக்கும் நடுவுல இன்சுலேஷன் பேப்பர் மூணு சுத்தாவது வெக்கச் சொல்லுங்க. ப்ரைமரியில 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ். மூணு பின் ப்ளக், எர்த்தை இரும்புச் சட்டத்துல போல்ட் போட்டு இறுக்கோணும்.

லைன் வழக்கமா 240க்கு மேல நிக்கற எடம்னா நேரா 250 டேப்புலயே மாட்டிருங்க. பகல்ல 210க்கு எறங்குனாலும் 86 வோல்ட் கெடைக்கும். உள்ளே ரெகுலேட்டர் இருக்கறதால பெரும்பாலும் சமாளிச்சுக்கும். ஹம் வந்துச்சுன்னா மட்டும் 230 டேப்புக்கு மாத்துங்க, இல்லைன்னா முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் வெய்ங்க.

#6 பவானி_பாஸ்லைன்

கரண்ட் கதை எல்லாம் சரிங்க. ஆனா கேள்வி குரலைப் பத்தினது. 106ல குரல் போனா 80017ஏ, இதுல ஆராய்ச்சி எதுக்கு? இப்ப நகல் மாட்யூல் புதுசாவே கெடைக்குது. ஆறையும் வாங்கி மாத்துனா அடுத்த இருபது வருசத்துக்கு உள்ளே கையை விட வேண்டியதில்ல. ஒண்ணு போனா மிச்சம் அஞ்சும் வரிசையில நிக்குதுன்னுதான் அர்த்தம்.

#7 காரமடை_ஓம்

பவானிக்காரர் சொல்றதுல பாதி உண்மை. அந்த மாட்யூல் வயசானா போகும்ங்கறது தெரிஞ்ச சமாச்சாரம். ஃபில்டரும் விசிஏயும் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கற பகுதி) சேந்த சின்ன போர்டு, மேல கறுப்பு எபாக்ஸி பூசி, கால் எல்லாம் ஒரே வரிசையில. காலப்போக்குல அந்தப் பூச்சு கரண்டைக் கசிய விடுது. ஃபில்டர் கண்ட்ரோல் கரண்ட் நொம்பச் சின்னது, அந்த எடத்துல துளி கசிவு இருந்தாலும் கரகரப்பாவோ விடாம இழுக்கற ஒலியாவோ வெளிய வந்துரும்.

ஆனா கரகரக்கற குரல் எல்லாமே 80017ஏ கோளாறு இல்ல. குரல் வர்ற வழியைப் பாருங்க. சுருதி 8253 டைமர்ல பொறக்குது. ரெண்டு ஐசி, ஒண்ணுக்கு மூணு கவுண்டர், ஆக ஆறு குரல். அங்கிருந்து எம்சி5534ஏ. மூணு மாட்யூல், ஒண்ணுக்கு ரெண்டு குரல். சா (ரம்பப்பல்), பல்ஸ், சப் மூணு அலையும் அங்கதான் உருவாகுது. கடைசியாத்தான் 80017ஏ, குரலுக்கு ஒண்ணு. அதனால எண்ணிக்கையே பாதி துப்புச் சொல்லீரும். மூணு குரல் ஒரு சேரச் சுருதி கெட்டா 8253. ரெண்டு குரல் ஒரு சேர அலை கெட்டா எம்சி5534ஏ. ஒரே ஒரு குரல்னாத்தான் 80017ஏ மேல சந்தேகம் வரோணும். அப்பவும் அதுக்கு வர்ற கண்ட்ரோல் வோல்டேஜையும் சேத்துச் சந்தேகப்படோணும். ஒரே டிஏசியில (டிஜிட்டலை வோல்டேஜாக்கற சர்க்யூட்) இருந்து வர்ற வோல்டேஜை 4051 மல்டிப்ளெக்சர் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கும் ஒரு கப்பாசிட்டர்ல தங்குது. அந்தக் கப்பாசிட்டரோ 4051ல ஒரு வாசலோ கசிஞ்சாலும் இதே மாதிரிதான் கேக்கும்.

சோதனை இப்படிப் பண்ணுங்க.

கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் புடிச்சுக்கிட்டே பவர் ஆன். டெஸ்ட் மோடு வந்துரும். ஒவ்வொரு கட்டைக்கும் எந்தக் குரல் பேசுதுன்னு டிஸ்ப்ளேயில நம்பர் காட்டும். கெட்ட குரல் எந்த நம்பர்னு எழுதி வெச்சுக்குங்க. வெளிய வர ஆஃப் பண்ணுனாப் போதும்.

அடுத்தது நாய்ஸ். சாதா மோடுல சா, பல்ஸ் ரெண்டையும் அணைச்சு, சப் ஸ்லைடரைக் கீழே எறக்கி, நாய்ஸ் மட்டும் மேல ஏத்துங்க. நாய்ஸ் எல்லாக் குரலுக்கும் ஒரே எடத்துல இருந்து வருது. கெட்ட குரல்ல நாய்ஸ் சுத்தமா வந்து சா மட்டும் கெட்டா கோளாறு 80017ஏக்கு முன்னாடி. நாய்ஸும் சேந்து கரகரத்தா 80017ஏ, இல்லைன்னா அதோட கண்ட்ரோல்.

மூணாவது, ஃபில்டர் விசில். நாய்ஸையும் எறக்கிட்டு ரெசொனன்ஸை முழுசா ஏத்தி, கட்-ஆஃப் நடுவுல, கீ ஃபாலோ முழுசு, விசிஏயை என்வலப்ல இருந்து கேட்டுக்கு (Gate) மாத்துங்க. ஃபில்டரே விசிலடிக்கும். ஒரே கட்டையை ஆறு தடவை அழுத்துனா ஆறு விசில். எது விசிலடிக்கலையோ, எது சுருதி தள்ளி நிக்குதோ, குறிச்சுக்குங்க. போலி 1 (Poly 1, அழுத்த அழுத்தக் குரல் மாறறது) மோடுலயே பண்ணுங்க. போலி 2ல ஒரே குரல் திரும்பத் திரும்ப வந்து ஏமாத்தும்.

#8 மஞ்ச_மண்டி

ஸ்லைடர் விசயம் நான் சொல்றனுங்க. திருப்பூர்னு சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு. பஞ்சு.

தொடாமயே ஃபில்டர் நகர்றது பூராவும் ஐசி குத்தமில்ல. 106ல பேனல் ஸ்லைடர்ல சிக்னல் போறதில்ல. ஸ்லைடர் எங்க நிக்குதுன்னு சிபியு படிச்சுக்கிட்டே இருக்குது. உள்ளே பஞ்சு மாட்டி வைப்பர் (ஸ்லைடரோட நகர்ற தொடு விரல்) கார்பன் மேல சரியா உக்காரலைன்னா அளவு துடிக்கும். யாரோ நகத்துறாங்கன்னு சிபியு நெனைச்சு, பாட்ச்ல இருக்கற மதிப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புது மதிப்பை எடுத்துக்கும்.

சரிபாக்கற வழி: ஒரு பாட்சைக் கூப்புட்டு, ஒரு கட்டையைப் புடிச்சுக்கிட்டே ஸ்லைடரைத் தொடாம பேனலைப் பக்கத்துல லேசாத் தட்டுங்க. டோன் மாறுனா ஸ்லைடர். மாறாம ஒரே குரல்ல மட்டும் தாவுனா அக்கா சொன்ன வழி.

சுத்தம் பண்றப்ப வரிசை முக்கியம். மொதல்ல ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா பஞ்சும் ஸ்ப்ரேயும் சேந்து களியாயிரும், அப்புறம் ஸ்லைடரைக் கழட்டித்தான் ஆகோணும். முதல்ல மெத்துன பிரஷ், அப்புறம் வேக்குவம். காத்தடிக்கற ப்ளோயர் வெச்சா பஞ்சு இன்னும் உள்ளே போகும், உறிஞ்சறதுதான் நல்லது. அதுக்குப் பொறவு லூப்ரிகண்ட் கலந்த காண்டாக்ட் கிளீனர், ஸ்லைடருக்கு ஒரு சிறு அடி, முப்பது தடவை மேலயும் கீழயும். துருப்பிடிச்ச நட்டுக்கு அடிக்கற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அது பிசுக்கா நின்னு அடுத்த ஆடிக் காத்துல வர்ற தூசியை எல்லாம் புடிச்சு வெச்சுக்கும்.

அதுலயும் நிக்கலைன்னா சால்டர் எடுத்து ஸ்லைடரை வெளிய கொண்டாந்து, தகரக் காதை நிமித்திப் பிரிங்க. கார்பன் பட்டையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸ்ல ஒரே திசையில தொடைங்க. ரப்பர் போட்டுத் தேய்ச்சா கார்பனே போயிரும். வைப்பர் விரலைத் துளியூண்டு மேல வளைச்சு, ஃபேடர் கிரீஸ் ஊசி முனையளவு.

பெண்டர் (சுருதியை வளைக்கற லீவர்) பக்கத்துல இருக்கற சின்ன ஸ்லைடர்களையும் மறக்க வேண்டாம். அதெல்லாம் பாட்ச்ல பதியாது, எப்பவும் நேரடி. பெண்டரோட விசிஎஃப் ஸ்லைடர் ஏறியிருந்து பெண்டர் நடுவுல சரியா நிக்கலைன்னா, ஃபில்டர் சும்மாவே தள்ளி நிக்கும்.

#9 நொய்யல்_நாய்ஸ்

டிரான்ஸ்பார்மர் சுத்தி வந்துருச்சு, 250 டேப்பு. ராத்திரி 246 வோல்ட்ல அவுட்புட் 101. ஹீட்சிங்க் இப்ப கை வெச்சுட்டு எடுக்கற சூடு, அவ்வளவுதான்.

பேனலைத் தட்டுனா டோன் மாறுதுங்க. வேக்குவம் போட்டதுல ரெசொனன்ஸ் ஸ்லைடர்ல இருந்து ஒரு கொத்துப் பஞ்சு, வெள்ளையும் நீலமும். கட்-ஆஃப் ஸ்லைடரைக் கழட்ட வேண்டியதாப் போச்சு, யாரோ முன்னாடியே எண்ணெய் அடிச்சிருக்காங்க. இப்பத் தாவறதில்ல.

டெஸ்ட் மோடுல கெட்டது 4ம் குரல். நாய்ஸும் கரகரக்குது. விசில்ல மிச்சம் அஞ்சும் கிட்டக் கிட்ட இருக்குது, 4 மட்டும் விசிலடிக்கறப்பவே வெடிக்குது.

#10 பவானி_பாஸ்லைன்

பாத்தீங்களா, 80017ஏ. 4ஐயும் 3ஐயும் எடத்தை மாத்திப் போட்டுப் பாருங்க. கோளாறு கூடவே போச்சுன்னா முடிஞ்சுது.

#11 காரமடை_ஓம்

மாத்திப் போடறது வேண்டாம். நல்லா இருக்கற மாட்யூலை எதுக்குக் கழட்டோணும்? 1984ல வந்த மாடல், அந்தக் காலத்துப் போர்டு. சூடு காட்டுனா பேடு உரியும், எபாக்ஸிக்குள்ள வெடிப்பு விடும். ஒண்ணைச் சோதிக்கப் போயி ரெண்டு கெட்ட மாட்யூல் கைக்கு வரும்.

ஒப்பிட்டுப் பாத்தாலே போதும். சேவை மேனுவல் வரைபடத்துல 80017ஏக்கு வர்ற ஃபில்டர் கண்ட்ரோல், விசிஏ கண்ட்ரோல் ரெண்டு காலையும் கண்டுபுடிச்சு, 3ம் குரல்லயும் 4ம் குரல்லயும் ஒரே நெலமையில அளங்க. கட்டை அழுத்தாம ஒரு தடவை. போலி 1, போலி 2 ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்துனா யூனிசன் வரும், ஆறு குரலும் ஒரே கட்டைக்குப் பேசும். அப்படிப் புடிச்சு வெச்சு இன்னொரு தடவை. ரெண்டு குரல்லயும் வோல்டேஜ் ஒண்ணா இருந்து ஒலி மட்டும் வேறயா இருந்தா மாட்யூல். 4ல வோல்டேஜே ஆடுனா மாட்யூல் நிரபராதி, 4051 பக்கம் போங்க.

ஸ்கோப் இல்லைன்னா சிக்னலைக் காதுல கேக்கலாம். 0.1 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் கப்பாசிட்டர், 10 கே ரெசிஸ்டர், ரெண்டையும் சீரிஸ்ல ஒரு பழைய ஆடியோ வயர் முனையில சால்டர் பண்ணி சின்ன ஆம்ப்ல குடுங்க. கிரவுண்டை போர்டு கிரவுண்ட்ல புடிங்க. மாட்யூலோட இன்புட் கால்ல தொட்டா சா சுத்தமாக் கேக்கோணும்.

#12 நொய்யல்_நாய்ஸ்

3க்கும் 4க்கும் கண்ட்ரோல் வோல்டேஜ் வித்தியாசம் 10 மில்லிவோல்ட்டுக்குள்ள, ஆடலை. இன்புட் கால்ல சா சுத்தம். அவுட்புட் கால்ல கரகரப்பு, கட்டையை விட்டாலும் கசிவு. அப்ப மாட்யூல்தானுங்க. அசிட்டோன் போடறதா, புதுசு வாங்கறதா?

#13 பவானி_பாஸ்லைன்

புதுசு. அசிட்டோன்ல ஊறப் போடறது லாட்டரிச் சீட்டு. வேலை செஞ்சாலும் உள்ளே இருக்கற ஐசி நாப்பது வருசப் பழசுதான்.

#14 காரமடை_ஓம்

லாட்டரின்னாலும் சீட்டு வெலை ஒரு பாட்டில் அசிட்டோன். போனா போகுது, ஏற்கெனவே செத்த மாட்யூல்தானே. நல்லா இருக்கற அஞ்சுல இப்ப கை வெக்காதீங்க, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஒண்ணொண்ணாப் போறப்பப் பாத்துக்கலாம்.

கழட்டறது. பவரை எடுத்து அஞ்சு நிமிசம் விடுங்க. அயர்ன் 340 டிகிரி, எர்த் இருக்கறது. ஒவ்வொரு கால்லயும் முதல்ல புது 60/40 ஈயம் கொஞ்சம் ஊட்டுங்க. பழைய ஈயம் தனியா உருகச் சண்டித்தனம் பண்ணும், புதுசு கலந்தா எளகும். அப்புறம் பம்ப், மிச்சத்துக்கு ஃப்ளக்ஸ் தடவுன விக். ஒரு கால்ல மூணு செகண்டுக்கு மேல நிக்காதீங்க, நடுவுல ஆற விடுங்க. எல்லாக் காலும் ஓட்டையில தளதளன்னு ஆடற வரைக்கும் இழுக்கக் கூடாது. ஒட்டியிருக்கற ஒரு கால் பேடைப் பிச்சுக்கிட்டு வந்துரும். கழட்டறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் முன்பக்கம்னு போட்டோவும் பேனா அடையாளமும்.

ஊற வெக்கறது. சுத்தமான அசிட்டோன் வேணும். நகப்பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதுல எண்ணெயும் தண்ணியும் கலந்திருக்கும். கண்ணாடி ஜாடி, தகர மூடி. ப்ளாஸ்டிக் கரையும். மாட்யூல் பூராவும் முங்கோணும், கால் மேல நோக்கி. காத்தோட்டமான எடம், அடுப்பு, அயர்ன், சாமி விளக்கு எதுவும் பக்கத்துல கூடாது. ஆவி தரையோட போயி நெருப்பைப் புடிக்கும். 24 மணி நேரத்துல பூச்சு உப்பி வெடிக்கும், 48ல பெரும்பாலும் தோலாட்டம் உரியும், சிலது 72 கேக்கும். கத்தி, பிளேடு வேண்டாம். பல்குச்சியாலயும் மெத்துன பிரஷாலயும் தள்ளுங்க. வரலைன்னா திரும்ப ஊறப் போடுங்க. அவசரப்பட்டுச் சொரண்டுனா அடியில இருக்கற சின்ன டிரான்சிஸ்டர் பூச்சோட சேந்து வந்துரும், நெறையாப் பேரு கோட்டை விடற எடம் இதுதான். கடைசியா புது அசிட்டோன்ல ஒரு அலசு, ஐசோப்ரொபைல்ல ஒரு அலசு, ஒரு நாள் காய விடுங்க.

போர்டுல நேரா சால்டர் பண்ணாதீங்க. உருண்டைத் துளை இருக்கற ஒத்தை வரிசைச் சாக்கெட், 2.54 மில்லிமீட்டர் இடைவெளி, தேவையான நீளத்துக்கு நறுக்கிப் போடுங்க. நாளைக்கு இது வேலைக்காகாம பவானிக்காரர் சொல்ற புது மாட்யூலை வாங்குனாலும் சொருகறதோட வேலை முடியும்.

#15 மஞ்ச_மண்டி

மாட்யூல் ஊறுற நேரத்துல பாட்சைக் காக்கற பேட்டரியைப் பாத்துருங்க. சிஆர்2032, 3 வோல்ட், போர்டுல சால்டர் பண்ணியிருக்கும். 2.7க்குக் கீழன்னா மாத்தறதுதான் நல்லது. நேரா சால்டர் பண்ணாம ஹோல்டர் போடுங்க, பட்டன் செல் மேல அயர்ன் வெச்சா வெடிக்கும். பிளஸ், மைனஸ் ரெண்டு தடவை பாருங்க.

பாட்ச் நல்லா இருக்கறவங்க இதைப் படிச்சா, பேட்டரியைத் தொடறதுக்கு முன்னாடி கேசட் டேப் சேவ் ஜாக்ல இருந்து கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெய்ங்க. வேவ் ஃபைலா, 44.1 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 ஆக்குனா திரும்ப ஏறாது. நாய்ஸ் குறைக்கற வசதி, தானா அளவு கூட்டற வசதி எல்லாத்தையும் அணைச்சுருங்க. உங்களுது ஏற்கெனவே குப்பைங்கறதால பதிய ஒண்ணுமில்ல. ஃபேக்டரி பாட்ச் 128, ஏ, பி ரெண்டு குரூப்பும் தனித்தனி ஒலி ஃபைலாக் கெடைக்குது. டேப் லோட்ல ஏத்துங்க. பின்பக்கம் மெமரி ப்ரொடெக்ட் சுவிட்ச் ஆஃப்ல இருக்கோணும். இதை மறந்துட்டு ஒலி அளவையே மாத்தி மாத்திப் பாத்து அரை நாளைத் தொலைக்கறவங்க நொம்பப் பேரு.

#16 நொய்யல்_நாய்ஸ்

பேட்டரி 1.3 வோல்ட். ஹோல்டர் போட்டுப் புதுசு மாட்டியாச்சு, ரெண்டு குரூப்பும் ஏறிருச்சு. பி குரூப் மூணாவது தடவையிலதான் ஏத்துக்கிச்சு, கம்ப்யூட்டர் சவுண்டை முக்கால்ல வெச்ச பொறவு.

மாட்யூல் 60 மணி நேரம் ஊறுச்சு. 48ல எடுத்துப் பாத்தப்ப ஒரு மூலை இறுக்கமா இருந்துச்சு, தொடாம திரும்பப் போட்டுட்டேன். சாக்கெட்ல சொருகியாச்சு. கரகரப்பு இல்லீங்க! கட்டையை விட்டா நிக்குது. ஆனா 4ம் குரல் மட்டும் கட்டை அழுத்தறப்ப "டொக்"குங்குது, மத்ததை விடக் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்குது.

#17 காரமடை_ஓம்

நல்லதாப் போச்சு. அந்த டொக் விசிஏ ஆஃப்செட், பளிச்சு ஃபில்டர் அளவு. கசிவு நின்னதால பழைய ட்ரிம் (திருகி வெச்ச அளவு) பொருந்தல. இத்தனை வருசம் யாராச்சும் அந்தக் கசிவுக்கு ஏத்த மாதிரி திருகி வெச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

மூடியைச் சாத்தி 20 நிமிசம் ஓட விட்டுட்டுத் திருகுங்க. சுருதி டிசிஓங்கறதால (டிஜிட்டலாக் கட்டுப்படற ஆசிலேட்டர்) சூட்டுக்கு நகராது, ஃபில்டர் நகரும். ஃபேனுக்கு அடியில வெச்சுத் திருகாதீங்க. டெஸ்ட் மோடுல மேனுவல் சொல்ற வரிசையிலயே போங்க, மொதல்ல ஆஃப்செட், ஃபில்டர் அப்புறம். ட்ரிம்மரைத் தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் எந்த மணிக்கு நிக்குதுன்னு கடிகார முள்ளாட்டம் எழுதி வெய்ங்க. 4ம் குரலோடது மட்டுந்தான், மத்த அஞ்சுல திருகக் கூடாது. ஆஃப்செட்டை டொக் சத்தம் மங்கற புள்ளியில நிறுத்துங்க, அதைத் தாண்டுனா மறுபக்கம் திரும்ப வரும். ஃபில்டரை, விசில் வெச்சு 3ம் குரலோட சேத்துப் புடிங்க. ட்யூனர் ஆப் போதும்.

#18 பவானி_பாஸ்லைன்

நின்னுருச்சா, சரி. ஆறு மாசம் கழிச்சு எழுதுங்க, அப்ப ஒத்துக்கறேன். கோரஸ் எப்படி இருக்குது? ரெண்டு பக்கமும் வருதா?

#19 நொய்யல்_நாய்ஸ்

கோரஸ் 2 போட்டா பின்னால ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல். ரெண்டு பக்கமும் வருது. கோரஸ் சிப்பு எம்என்3009ஐ மாத்தோணுங்களா?

#20 காரமடை_ஓம்

மாத்த வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இரைச்சல்னா அது பிபிடியோட (எம்என்3009 மாதிரி ஒலியைத் தாமதிக்கற சிப்பு) சுபாவம், 106 வந்த நாள்ல இருந்தே அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் இரைஞ்சாலோ, ஒரு பக்கம் கோரஸே இல்லைன்னாலோ எம்என்3101ல இருந்து க்ளாக் வருதான்னு பாருங்க. அதுவரைக்கும் அதைத் தொட வேண்டிய வேலை இல்ல.

#21 நொய்யல்_நாய்ஸ்

4ம் குரல் டொக் போயிருச்சு. விசில்ல 3க்கும் 4க்கும் வித்தியாசம் 5 சென்ட் (அரைச்சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்). மத்ததுக்குள்ளயே 10 சென்ட் வரைக்கும் இருக்குது, விட்டுட்டேன்.

கடைசியா ஒண்ணு கேக்கோணும். மாட்யூல் இப்ப மொட்டையா இருக்குது, பஞ்சு ஊர் வேற. வைண்டிங் கடையில அண்ணன் வார்னிஷ்ல முக்கித் தர்றேங்கறாரு. முக்கலாங்களா?

#22 சூலூர்_வைண்டிங்

அது நான் இல்லீங்க. நான் சொல்ல மாட்டேன்.

#23 காரமடை_ஓம்

முக்காதீங்க! டிரான்ஸ்பார்மர் சுருள்ல வர்றது ஆம்பியர்ல, வார்னிஷ் துளி கசிஞ்சாலும் அங்க ஒண்ணும் ஆகாது. இங்க மைக்ரோ ஆம்பியர் கணக்கு. ஒரு பூச்சு கசிஞ்சதுக்குத்தானே 60 மணி நேரம் ஊற வெச்சீங்க? மொட்டையாவே இருக்கட்டும். மிஷினை ஓட்டாதப்ப மேல ஒரு துணி போடுங்க, பனியன் துணி வேண்டாம், அதுவே பஞ்சு உதிர்க்கும். பழைய பட்டு வேட்டி இருந்தா நல்லது, இல்லைன்னா ப்ளாஸ்டிக் ஷீட். மாட்யூல் காலுக்குப் பக்கத்துல தூசி தெரிஞ்சா காய்ஞ்ச பிரஷால தட்டி விடுங்க, போதும்.

#24 மஞ்ச_மண்டி

பட்டு வேட்டின்னா எங்கூட்ல நாலு இருக்குது, ஜூனோதான் இல்ல.